காரணம் தீர்ந்துபோன மனுதாரர்: முதிய ஆயுள் கைதி ஒருவரின் விடுப்பு மனு

மனுதாரருக்கு வயது 73. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. வட சென்னையில் மாமனார் விட்டுப்போன வீடு. பொதுச் சுவர், பொதுக் குழாய் என்று பிரிக்காமலே கிடந்தது. பாகம் பிரிப்பதில் வருடக்கணக்காகப் புகைந்த தகராறு ஒரு நாள் சாயங்காலம் வாய்ச்சண்டையாகி, கைகலப்பாகி, மனைவியின் தம்பி இறந்துபோனார். அப்போது மனுதாரருக்கு 58. செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனை மேல்முறையீட்டிலும் உறுதியானது. தான் செய்யவில்லை என்று அவர் தன் வழக்கறிஞரான என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

குற்றத்தைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. ஓர் உயிர் போயிருக்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் அதே சந்தில்தான் வாழ்கிறது. தண்டனை பெற்றவர் உள்ளேயே கிழவராகும்போது விடுப்பு விதிகள் அவருக்கு எப்படிக் கைகொடுக்காமல் போகின்றன என்பதை இந்த ஒரு வழக்கை வைத்துக் காட்டுவதே நோக்கம். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்தச் சிறை, எந்தக் காவல் நிலையம் என்பதையும் சொல்லவில்லை.

பரோல் என்று நாம் பொதுவாகச் சொல்வதைத் தமிழ்நாட்டில் ஆள்வது 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அதில் விடுப்பு இரண்டு வகை. அவசர விடுப்பு, குடும்பத்தில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்று வந்தால். தாய், தகப்பன், மனைவி அல்லது கணவன், மகன், மகள், உடன்பிறந்தவர்கள் என்று யாருக்காகப் போகலாம் என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது. சாதாரண விடுப்புக்கு 20-ஆம் விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்பத்தின் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் ஏற்பாடு செய்ய, பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுதுபார்க்க, மகன் மகள் உடன்பிறந்தோர் கல்யாணத்தை நடத்த, பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறைத் தீர்க்க, விதைப்பு அறுவடை பார்க்க. கடைசியாக, வேறு ஏதேனும் அசாதாரணக் காரணம்.

இந்தப் பட்டியலை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்த கைதி யார் என்பது படித்தவுடன் தெரிந்துவிடும். முப்பது, நாற்பது வயதுக் குடும்பத் தலைவன். பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள். தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது. அந்த மனிதனுக்கு இது நியாயமான பட்டியல். மனிதாபிமானமுள்ள பட்டியல் என்றும் சொல்வேன்.

நாடே பார்த்த விடுப்புகளும் இந்த அச்சில் வார்த்தவைதான். 2017 ஆகஸ்டில், 26 ஆண்டு சிறைக்குப் பிறகு பேரறிவாளன் முதன்முறையாக வெளியே வந்தது நோயுற்ற தந்தையைப் பார்க்க. 2019 ஜூலையில் நளினிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மாத விடுப்பு கொடுத்தது மகளின் கல்யாண ஏற்பாட்டுக்கு. மகன் தகப்பனைப் பார்க்கப் போகலாம், தாய் மகள் கல்யாணத்துக்குப் போகலாம். உள்ளே இருப்பவரே அந்த நோயாளித் தகப்பன் என்றால் என்ன செய்வது?

எங்கள் பெரியவரிடம் மனுவுக்கான விவரம் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "இன்னா காரணம்னு எழுதப் போறீங்க, வக்கீலம்மா? அப்பா அம்மா எப்பவோ பூட்டாங்க. பொண்டாட்டியும் பூட்டா. பொண்ணுக்குக் கண்ணாலம் ஆயி அவ புள்ளைங்களே வளந்துடுச்சுங்க. வூடும் இல்ல, நெலமும் இல்ல."

பட்டியலில் உள்ள ஒவ்வொரு காரணமும் அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது. மனைவி இறந்தபோது அவசர விடுப்பில் போலீஸ் வழிக்காவலோடு வந்து, காரியம் முடிந்த கையோடு திரும்பியிருந்தார். இந்த மனுக்களுக்கு முன் அவருக்குக் கிடைத்த கடைசி விடுப்பு அதுதான். அந்த அம்மாவின் நிலைமையையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். செத்தது தம்பி, சிறைக்குப் போனது புருஷன். முதல் சில வருடங்கள் மனு பார்க்கக்கூட, அதாவது சிறையில் போய்ச் சந்திக்கக்கூட, அவர் போகவில்லை. பிறகு போக ஆரம்பித்தார். சாகிற வரைக்கும் போனார்.

பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர் வீட்டில் இனி நடக்கப்போகும் நல்லது கெட்டது எல்லாமே பேரன் பேத்தி வழியாகத்தான் வரும். பேத்தி கல்யாணம் மகள் கல்யாணத்துக்குச் சமம் ஆகாது என்று நம் ஊரில் எந்தத் தாத்தாவிடம் போய்ச் சொல்ல முடியும்?

முதல் மனுவை மகள் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை, ஒரு கண்ணில் புரை, இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார், கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று. பொய் ஒன்றும் இல்லாத மனு. நிராகரித்துவிட்டார்கள். சிறையிலேயே மருத்துவ வசதி இருக்கிறது, தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிச் சிகிச்சை தரப்படும் என்பது பதில்.

அந்தப் பதிலை நான் குறை சொல்லமாட்டேன். விதிப்படி அது சரிதான். மனைவியின் நோய் அவசர விடுப்புக்குக் காரணம். தன் நோய் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கைதிகளுக்கென்றே தனி வார்டு இருக்கிறது. நோய்க்கு மருந்து கொடுக்க அரசுக்கு வழி உண்டு. ஆனால் முதுமைக்குத் தேவைப்படுவது மருந்து மட்டுமல்ல. கூடவே யாராவது இருக்க வேண்டும், பேச்சுக்கு ஆள் வேண்டும், ராத்திரி எழுந்தால் கையைப் பிடிக்க ஆள் வேண்டும். இதை எந்த மருத்துவச் சான்றிதழிலும் எழுத முடியாது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. விடுதலை என்று வரும்போது இதே அரசும் நீதிமன்றங்களும் வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஆயுள் கைதிகளை முன்விடுதலை செய்தபோது, மற்றவர்களுக்கு ஏழாண்டு என்றால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டு போதும் என்று வைத்தது. 2022-இல் உத்தரப் பிரதேச ஆயுள் கைதிகள் தொடர்ந்த ரஷீதுல் ஜாபர் வழக்கில், முன்விடுதலைக் கோப்புகளைப் பார்க்கும்போது 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் தீராத நோயுள்ளவர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு, நாட்டின் 75-ஆவது சுதந்திர ஆண்டுக்காக ஒன்றிய அரசு அறிவித்த சிறப்புத் தண்டனைக் குறைப்பில், பாதித் தண்டனையை முடித்த 60 வயது ஆண்களும் 50 வயதுப் பெண்களும் இடம்பெற்றார்கள். ஆயுள் கைதிகளுக்கு மட்டும் அது இல்லை. ஒருவரை நிரந்தரமாக வெளியே அனுப்ப வயது ஒரு காரணம் ஆகிறது. பதினைந்து நாள் வெளியே அனுப்ப ஆகவில்லை. பெரிய கதவுக்கு ஒரு நியாயம், சின்னக் கதவுக்கு வேறொரு நியாயம்.

கணக்கெடுப்பிலும் முதியவர்கள் தனியாகத் தெரிவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் கடைசி வயதுப் பிரிவு 50-க்கு மேல். 52 வயதில் ஓடியாடி வேலை பார்ப்பவரும் 80 வயதில் சுவரைப் பிடித்து நடப்பவரும் ஒரே கட்டத்தில். வெளியே 60 வயதானால் மூத்த குடிமகன் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உள்ளே எத்தனை மூத்த குடிமக்கள் என்று அந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது மனுவை வேறு தடத்தில் எழுதினோம். 20-ஆம் விதியின் முதல் இனம், விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு ஏற்பாடு செய்வது. அதை யாரும் கிழவர்களுக்காகப் பயன்படுத்துவதில்லை; தொழில் தொடங்கப் போகிறவர்களுக்கானது என்றே ஒரு நினைப்பு. ஆனால் 73 வயதுக்காரருக்குத்தான் அந்த ஏற்பாடு அதிகம் வேண்டும். யார் வீட்டில் தங்குவார், ஆதாரில் எந்த முகவரி, ரேஷன் அட்டையில் பெயர் சேருமா, முதியோர் உதவித்தொகைக்கு என்னென்ன தாள் வேண்டும், வங்கிக் கணக்கு யாரோடு சேர்ந்து. இதையெல்லாம் வரிசையாக எழுதினோம். நோயையும் வயதையும் கடைசி இனத்தில், அசாதாரணக் காரணமாக வைத்தோம். விதிகளிலிருந்து ஒருவருக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 40-ஆம் விதியையும் மாற்றாகக் கேட்டோம்.

மனுவில் கையெழுத்து வாங்குவதற்கு முன் பெரியவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் கோவா கைதிகள் வழக்கில், பரோலில் வெளியே இருந்த நாட்களை முன்விடுதலைக்குத் தேவையான 14 ஆண்டு உண்மைச் சிறைவாசக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்த்தால் செல்வாக்குள்ள கைதிகள் பரோல் மேல் பரோலாக வாங்கித் தண்டனையைக் கழித்துவிடுவார்கள் என்பது அதன் கவலை. அந்தக் கவலை உண்மையானது. ஆனால் செல்வாக்கே இல்லாத ஒரு கிழவருக்கு அதன் அர்த்தம், இன்று மகள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் முன்விடுதலையை ஒரு நாள் தள்ளிப்போடக்கூடும் என்பது. இளைஞனுக்கு அது வெறும் கணக்கு. எழுபதுக்கு மேல் அப்படியில்லை. விடுதலை நாள் வரைக்கும் உயிரோடு இருப்போமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவர் யோசிக்கவே இல்லை. "இப்ப குடுத்தா இப்ப" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைதான் இந்த வழக்கில் கடினமான பகுதி. விடுப்பு மனு போனால் நன்னடத்தை அலுவலரும் உள்ளூர்க் காவல் நிலையமும் அறிக்கை தர வேண்டும். தங்கப்போகும் இடம் எது, பொறுப்பேற்பது யார், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, பொது அமைதிக்குப் பங்கம் வருமா. மகள் முதல் மனுவில் பழைய வீட்டின் முகவரியையே கொடுத்திருந்தார், ஆதாரில் அதுதான் இருந்தது என்பதால். இறந்தவரின் மனைவி குடியிருப்பது பக்கத்து வாசலில். காவல் நிலையம் ஆட்சேபித்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த அம்மாவை நான் சந்திக்கவில்லை. கைதியின் வழக்கறிஞர் போய் அவர் வாசலில் நிற்பது சரியாக இருக்காது. நன்னடத்தை அலுவலர் போனார். பொறுமையான மனிதர், போகும்போது காக்கிச் சட்டை யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த அம்மா சொன்னதை அவர் அறிக்கையில் எழுதியிருந்தார்: அவர் மகள் வீட்டுக்கு வரட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை, எங்கள் சந்துக்குள் கால் வைக்கக்கூடாது. இதைவிடத் தெளிவான நிபந்தனையை எந்த நீதிபதியும் எழுத முடியாது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டால் எப்போதும் முட்டுக்கட்டைதான் போடுவார்கள் என்று கைதிகள் தரப்பில் பேசும் நம்மில் பலர் நினைக்கிறோம். கேட்கிறபடி கேட்டால் இப்படியும் பதில் வரும்.

மகள் திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். கணவருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வேலை. அங்கே முட்டியது வீட்டு உரிமையாளரிடம். "போலீஸ் வாசப்படி ஏறுனா வூட்ட காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நான்கு குடித்தனம் இருக்கும் வீடு, அவருக்கும் பயம். மருமகன்தான் போய்ப் பேசினார். மாமனார் வருகிறார், உடம்பு சரியில்லை, பதினைந்து நாள், அக்கம்பக்கம் யாருக்கும் தொந்தரவு இருக்காது, எதுவானாலும் என்னைக் கேளுங்கள் என்று. அந்த மருமகனே ஜாமீன்தாரராகவும் நின்றார். கல்யாணமான வீட்டில் மாமனாருக்காக இப்படிப் பேசக்கூடிய மருமகன் எத்தனை முதிய கைதிகளுக்கு இருப்பார்?

அறிக்கைகள் போய்ச் சேர்ந்தும் ஓர் அலுவலகத்தில் கோப்பு அசையவில்லை. மகள் பெயரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். நீண்ட வாதம் ஒன்றும் நடக்கவில்லை. மனுதாரரின் வயதையும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கருத்தில் கொண்டு குறிப்பிட்ட வாரங்களுக்குள் முடிவெடுக்க உத்தரவு வந்தது. வழிக்காவல் இல்லாமல் பதினைந்து நாள் சாதாரண விடுப்பு கிடைத்தது. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து, சென்னையை விட்டு வெளியே போகக்கூடாது, அந்தச் சந்துப் பக்கம் போகக்கூடாது என்பவை நிபந்தனைகள்.

தினசரிக் கையெழுத்து என்பது எழுதும்போது ஒரு வரி. காவல் நிலையம் மகள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் இவருக்கு நடை கிடையாது, ஆட்டோதான். நிலையத்துக்கு ஏறப் படிகள் உண்டு, பிடிமானம் இல்லை. முதல் நாள் மருமகனும் பேரனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினார்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் அவசரமாகச் சிறுநீர் வந்துவிட்டது. பெரியவர் வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்று பணியில் இருந்த ஏட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே கூட்டிப்போய்க் கழிப்பறையைக் காட்டினார். மறுநாள் ஆட்டோ வாசலில் நின்றதும் கையெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டு அவரே இறங்கி வந்தார். கடைசி நாள் வரை அப்படித்தான். விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் வேறொரு ஏட்டாக இருந்திருந்தால்? எழுபதைத் தாண்டியவருக்குக் கையெழுத்து வீட்டிலேயே வாங்கலாம், அல்லது வாரம் இருமுறை வீடியோ அழைப்பில் முகம் பார்க்கலாம் என்று உத்தரவிலேயே எழுதிவிட்டால், நல்ல மனது கொண்ட ஆள் பணியில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு சிக்கலை நாங்கள் யாருமே முன்கூட்டி யோசிக்கவில்லை: மாத்திரை. உள்ளே அவருக்கு வேளைக்கு வேளை மாத்திரை கையில் வந்துவிடும். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதோடு சரி. எது சர்க்கரைக்கு, எது சிறுநீருக்கு, எது தூக்கத்துக்கு என்று அவருக்குத் தெரியாது. "வெள்ளையா ஒண்ணு, காலைல. ரோஸ் கலர்ல ஒண்ணு, ராத்திரி" என்றார். மகள் அதை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் என்ன கேட்பார்? அக்கம்பக்கத்து டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்துப் புதிதாக எழுதிக்கொடுக்கும் வரை இரண்டு நாள் பயத்திலேயே கழிந்தது. விடுப்பில் போகும் முதியவர் கையில் நோய் விவரமும் மருந்துச் சீட்டும் விடுப்புக்காலம் முழுமைக்குமான மாத்திரையும் கொடுத்தனுப்புவது செலவுள்ள சீர்திருத்தம் அல்ல. எந்த மத்தியச் சிறையிலும் மருத்துவ அதிகாரி ஒரு பக்கம் எழுதினால் போதும். இப்போது இதுபோன்ற மனுக்களில் நான் அதையும் ஒரு வேண்டுதலாகச் சேர்க்கிறேன்.

மற்றபடி விடுப்பு விடுப்பாகவே கழிந்தது. ஆதார் முகவரி மாறியது. பேரனோடு உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்தார். மகள் மீன்குழம்பு வைத்தால் முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, கண் தெரியாததால். குறித்த நாளில், சொன்ன நேரத்துக்கு முன்பே, சிறை வாசலில் போய் நின்றார்.

தப்பி ஓடிவிடுவார்கள் என்ற ஆட்சேபத்துக்கு இப்படிப்பட்ட ஒரு வழக்கு முழுப் பதில் ஆகாது. பரோலில் போய்த் தலைமறைவானவர்கள் உண்டு, அதனால்தான் நிபந்தனைகள். 2017-இல் அஸ்ஃபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம், நன்னடத்தையோடு இருக்கும் கைதியும் கொஞ்ச காலமாவது வெளிக்காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று சொன்னபோதே, அதைப் பொதுநலனோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் எடைபோடும்போது வயதைத் தட்டில் வைக்க வேண்டுமே. படி ஏற முடியாதவர் ஓடிவிடுவார் என்ற அச்சத்துக்கும் இருபத்தெட்டு வயதுக்காரர் ஓடிவிடுவார் என்ற அச்சத்துக்கும் ஒரே எடை போடுவது எப்படிச் சரி?

நான் கேட்பது விதியில் சில சொற்கள்தான். அவசர விடுப்புப் பட்டியலில் கைதியின் சொந்தக் கடும் நோயும், பேரன் பேத்தியும் சேர வேண்டும். 20-ஆம் விதியில், 65 அல்லது 70 வயதைக் கடந்த கைதிக்கு வயதே போதுமான காரணம் என்று ஓர் இனம் வேண்டும். எந்த எல்லை என்பதை அரசு பேசி முடிவு செய்யட்டும். இவற்றைவிட அவசரமானது முகவரிப் பிரச்சினை. எங்கள் பெரியவருக்கு ஒரு மகள் இருந்தார். புழல் போகும் பேருந்தில் மனு பார்க்க வரும் குடும்பங்களோடு பேசிப் பாருங்கள். மனைவி இறந்த பிறகு யாருமே வராத கைதிகளைப் பற்றி அவர்கள் சொல்வார்கள், தங்கள் ஆளின் பக்கத்தில் படுப்பவர் என்று. பொறுப்பேற்க ஆள் இல்லை என்றால் மனுவே நகராது. சென்னை மாநகராட்சி வீடற்றவர்களுக்கென்று தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்கள் நடத்துகிறது. அவற்றில் ஒன்றிரண்டை விடுப்பில் வரும் முதியவர்களுக்கான முகவரியாக ஏற்றுக்கொள்ளலாம். நன்னடத்தை அலுவலர் அங்கேயே வந்து பார்க்கலாம். குடும்பம் கைவிட்டவர் என்பதால் விதியும் கைவிட வேண்டியதில்லை.

பெரியவரின் முன்விடுதலைக் கோப்பு இப்போது ஆலோசனைக் குழுவுக்குப் போக வேண்டிய கட்டத்தை நெருங்குகிறது. தகுதியுள்ளவர்களின் முன்விடுதலையை, கைதி மனுப் போடாவிட்டாலும் மாநில அரசே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். இதற்கிடையில் மூத்த பேத்திக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. பேத்தி கல்யாணம் பட்டியலில் இல்லாததால் அடுத்த மனுவை மறுபடியும் கடைசி இனத்தின் கீழ்தான் எழுதுகிறேன், 40-ஆம் விதியையும் சேர்த்து. இந்த முறை வயதை முதல் காரணமாகவும் கல்யாணத்தை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறேன்.